முன்னால் போன பிள்ளை, பின்னால் வரும் பிள்ளை

(தோட்டப் பெற்றோர் – மாணவர் கூட்டமொன்றில், திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து வந்த பழைய மாணவர் குழுவினர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறோம். கடற்கரை ஆட்களுக்கும் மலைநாட்டு ஆட்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைப்பீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. காலையிலே பிரட்டுக்குப் போகுமுன் நீங்கள் சுடுகிற ரொட்டிக்கு மா எங்கே அரைக்கிறார்கள்? எங்கள் சீனக்குடாவில் 1980 முதல் ஓடுகிற பிரீமா ஆலையில்தான் இந்த நாட்டுக் கோதுமை மாவில் பெரும் பகுதி அரைபடுகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் வந்து குடியேறிய குடும்பங்களும் பல. எங்கள் குழுவிலேயே அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே புத்தி சொல்ல வந்த வெளியாட்கள் என்று எங்களை நினைக்க வேண்டாம்.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். பெரிய வகுப்பில் படிக்கிற பிள்ளை, சின்ன வகுப்பில் படிக்கிற பிள்ளைக்குத் துணையாக இருப்பது. காசு செலவில்லாத காரியம். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் கெடுதலும் வரும். இரண்டையும் சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஆறாம் தரத்தில் வருகிற கஷ்டம்

இந்த நாட்டிலே இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அது முழுசாக வந்து சேர வெகுகாலம் எடுத்தது. 1977 இலிருந்துதான் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாக அரசாங்கம் பொறுப்பெடுத்தது. இன்றைக்குச் சட்டப்படி பிள்ளை 16 வயது வரை பள்ளிக்கூடம் போக வேண்டும். முன்பு 14 ஆக இருந்த வயதை 2016 இல் 16 ஆக உயர்த்தினார்கள்.

சட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பாருங்கள். எத்தனையோ தோட்டங்களில் பள்ளிக்கூடம் ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும். ஆறாம் தரத்துக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்கோ, அடுத்த டிவிசன் தாண்டியிருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்கோ போக வேண்டும். அதுவரைக்கும் ஒரே டீச்சர் முகத்தைப் பார்த்த பிள்ளைக்கு அங்கே பாடத்துக்கு ஒரு டீச்சர். மணி அடித்தால் ஆள் மாறும். எந்தக் கொப்பியை என்றைக்குக் கொண்டு போவது என்று நேரசூசி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் பஸ் தவறினால் வாசலிலே நிற்க வைப்பார்கள். பக்கத்தில் இருக்கிற டவுன் பிள்ளைகள் டியூசனுக்குப் போய் அந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருப்பார்கள்.

பிள்ளைக்கு விளங்கவில்லை. யாரிடம் கேட்பது? டீச்சரிடம் கேட்கக் கூச்சம். வீட்டில் கேட்டால் அம்மா மலையிலிருந்து வந்து களைத்துப் போயிருக்கிறார். அப்பாவும் ஆறாம் தரக் கணக்கைப் படித்தவர் இல்லை. ஒரு கிழமை விளங்காமல் இருந்தது ஒரு மாதமாகிறது. ஒரு மாதம் ஒரு தவணையாகிறது. பிறகு “வயிறு வலிக்குது, இன்னைக்குப் போகலை” என்கிறது பிள்ளை. இரண்டு வருடத்தில் கொழும்பிலே கடை வேலைக்கோ, வீட்டு வேலைக்கோ போய்விடுகிறது.

இந்தப் பிள்ளைக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியுமா? கேட்பதற்கு ஒரு ஆள் இல்லாததுதான் அங்கே குறை. அந்த ஆள் உங்கள் லயத்திலேயே, அடுத்த காம்பராவிலேயே, ஒன்பதாம் தரத்திலோ பதினோராம் தரத்திலோ படித்துக்கொண்டிருக்கலாம். அதே பஸ்ஸில் போகிற அக்காவாக இருக்கலாம்.

மலையிலே நடப்பதுதான்

இது உங்களுக்குப் புதுப் பழக்கம் இல்லை. புதுசாக வேலைக்கு வந்த ஒரு பெண் கொழுந்தெடுக்க மலைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கொழுந்தை எடுப்பது, எந்த இலையை விடுவது, கூடையை எப்படிக் கட்டினால் நெற்றி வலிக்காது, மழையில் எந்த மேட்டில் வழுக்கும், இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கங்காணி வந்து நின்று அதட்டலாம். ஆனால் கை பிடித்துப் பழக்குவது பக்கத்து நிரையில் நிற்கிற அக்காதான். நேற்று அவளுக்கும் அந்த வேலை புதுசாக இருந்தது. எங்கே பிழை வரும் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் துறைமுகத்திலும் ஒரு வழக்கம் உண்டு. திருகோணமலைத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. உலகத்தில் இப்படிப்பட்ட துறைமுகங்கள் சிலதான். அங்கே வருகிற கப்பலின் கப்டன் பல கடல் தாண்டி வந்தவர். ஆனாலும் வாசலுக்கு வந்ததும் கப்பலை நேரே உள்ளே விட்டுவிட மாட்டார். சின்னப் படகில் ஒருவர் போய்க் கப்பலில் ஏறுவார். அவரைப் பைலட் என்பார்கள். இந்தத் தண்ணீரில் எங்கே பாறை, எங்கே ஆழம், எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் வழி சொல்வார். கப்பலுக்குப் பொறுப்பு கப்டன்தான்.

பெரிய வகுப்புப் பிள்ளையின் வேலையும் அந்தப் பைலட் வேலைதான். வழி சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையின் கப்பலைத் தானே ஓட்டக் கூடாது. கணக்கைத் தானே செய்து கொடுத்தால் அது உதவி ஆகாது. எந்த இடத்தில் பிழைத்தது என்று காட்டிவிட்டு, “இப்ப நீயே செஞ்சு பாரு” என்று விட வேண்டும்.

முகாமில் கண்டது

எங்கள் மாவட்டம் கஷ்டம் நிறையப் பட்ட மாவட்டம். 1990 இல் சண்டை திரும்பவும் தொடங்கியபோது ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்து கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரையை அடித்தது. 2006 இல் மூதூர் கிழக்கு மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். சம்பூர் மக்கள் கிளிவெட்டி போன்ற இடத்து முகாம்களில் வருடக்கணக்காக இருந்து, 2015 இலும் 2016 இலும்தான் சொந்த ஊர் திரும்பினார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும், அல்லது அதுவே முகாமாகிவிடும். டீச்சர்மாரும் இடம்பெயர்ந்திருப்பார்கள். மேசை இருக்காது, கொப்பி இருக்காது. பெரிய வகுப்புப் பிள்ளை மட்டும் இருக்கும். உயர்தரம் படிக்கிற ஒரு அக்கா நாலு சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கிடைத்த ஒரு பழைய புத்தகத்தை வாசிக்க வைப்பார். அதில் படிப்பு எவ்வளவு ஏறியது என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தான் ஒரு மாணவன் என்கிற நினைப்பு அறுந்து போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அது திரும்பிப் போனது.

சமாதான காலத்திலும் இதன் தொடர்ச்சி உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள், சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளைகளை வாசிகசாலையிலோ கோவில் மண்டபத்திலோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இது உண்டு. உங்கள் தோட்டங்களிலும் சில இடத்தில் நடக்கிறது. அதை ஒழுங்காக, வருடம் முழுவதும் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

விளையாட்டில் செய்கிறோம், படிப்பில் ஏன் செய்யக் கூடாது?

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். ஆறாம் தரத்துப் பிள்ளையும் பதின்மூன்றாம் தரத்துப் பிள்ளையும் ஒரே இல்லத்தில் இருப்பார்கள். அந்த மாதத்தில் பார்த்தால், அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றுவதை யார் பழக்குகிறார்கள்? பெரிய வகுப்பு அண்ணன்தான். சின்னப் பிள்ளை கோலைக் கீழே போட்டால் திட்டி அனுப்பிவிட மாட்டார். திரும்பத் திரும்ப ஓட வைப்பார். ஏனென்றால் இந்தப் பிள்ளை தோற்றால் இல்லமே தோற்கும். போட்டி முடிந்ததும் கூடாரத்தைப் பிரிக்கிறோம், அந்த அண்ணனும் சின்னவனும் வருடம் முழுக்க முகம் பார்த்துப் பேசுவதில்லை. கோல் மாற்றப் பழக்கியவருக்குப் பின்னக் கணக்கும் பழக்கத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சாரணர் இயக்கத்திலும் இதே முறைதான். இலங்கையில் அது 1912 இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தொடங்கியது. மாத்தளை உங்களுக்குத் தூரமில்லை. அங்கே பிள்ளைகளைச் சின்னச் சின்ன அணியாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் அவர்களுக்குள்ளேயே கொஞ்சம் மூத்த ஒருவரைத் தலைவராக வைப்பார்கள். கயிறு முடிச்சுப் போடுவதிலிருந்து அடுப்பு மூட்டுவது வரை அந்த மூத்தவர்தான் பழக்குவார். நூறு வருடத்துக்கு மேலாக அந்த முறை நிலைத்து நிற்கிறது.

பழைய சட்டாம்பிள்ளை கதை

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த முறை என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவர் இருப்பார். வாத்தியார் அவருக்குச் சொல்லிக் கொடுக்க, அவர் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். வடக்கு கிழக்கில் பழைய ஆட்கள் வாத்தியாரையே சட்டம்பியார் என்று சொல்வார்கள்.

அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர். இலங்கையில் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். பெல் அவருக்கு வெகுகாலம் முந்தியவர். 1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தை அவர் பொறுப்பெடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, தன்னுடைய பள்ளிக்கூடத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி வாத்தியார்மாருக்கு அதில் மனமில்லை. அவர் என்ன செய்தார்? ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிவரி வகுப்பை ஒப்படைத்துவிட்டார். பையன் நன்றாகவே நடத்தினான். ஊருக்குத் திரும்பிய பெல் 1797 இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று உலகமெல்லாம் பேர் வந்தது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் தொடங்கிய பள்ளிக்கூடம் ஸ்கொட்லாந்திலே ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. இங்கிலாந்திலே இந்த முறையைப் பிடித்தவர்கள், ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். மலிவு என்றதும் எல்லாருக்கும் பிடித்துப் போனது. பிள்ளைகள் கிளி மாதிரிச் சொல்லப் பழகினார்கள், விளங்கிப் படிக்கவில்லை. சில பத்து வருடங்களில் அந்த முறை மங்கிப் போனது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்தான் தேவை என்று அவர்களுக்கே தெரிந்தது.

தோட்டத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார் என்று படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு உதவுவது ஆசிரியருக்குப் பதில் ஆகாது. “அக்கா அண்ணன்மார் சொல்லிக் கொடுக்கிறாங்களே, பிறகு கணக்கு டீச்சர் எதுக்கு?” என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். டீச்சர் இல்லாவிட்டால் அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் எழுதிக் கேளுங்கள்.

பாதையில் நடந்தது

இதையே எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒரு துக்கத்தை வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பாதை’ என்றால் உங்களுக்கு ரோடு. எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற தட்டையான மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்கு வருகிற சனம் பாதையில்தான் தண்ணீரைக் கடந்தது. சின்னப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, பெரிய பிள்ளை ஓரத்தில் நின்று, கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். அதுவும் ஒரு துணைதான்.

கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலம் திருத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் சனம் மிதப்புப் பாதையில் போய்வந்தது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை அந்தப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் உயிரிழந்தார்கள்.

மூத்த பிள்ளை எவ்வளவு இறுக்கமாகக் கையைப் பிடித்திருந்தாலும், மிதவை பழுது என்றால் அது என்ன செய்யும்? பாலம் போடுவதும், பஸ் விடுவதும், பாதுகாப்பான வழி செய்வதும் பெரியவர்களின் கடமை. அதைப் பிள்ளைகளின் தலையில் வைக்க முடியாது. தோட்டத்திலும் அப்படித்தான். மழை நாளில் ஓடை பெருகுகிற இடத்தில் “அக்காகூடப் போ” என்று சின்னதை அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பாலம் கேட்டு எழுதவும் வேண்டும்.

துணையா, அதிகாரமா?

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. மூத்தவர் கையில் இளையவரை ஒப்படைத்தால், சில பேருக்கு அதிகாரம் தலைக்கு ஏறிவிடும். “நான் சொல்றதைச் செய், தண்ணி கொண்டா, என் பையைத் தூக்கு” என்று தொடங்கும். பல்கலைக்கழகத்தில் இது பகிடிவதை என்று பெரிய நோயாகி, உயிர்களையும் வாங்கியிருக்கிறது. அதனால்தான் 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்து கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடை செய்தார்கள்.

மாணவத் தலைவர் என்று சட்டையில் பட்டி குத்திய பிள்ளையும் இதைக் கவனிக்க வேண்டும். மாணவத் தலைவர் ஒழுங்கு பார்ப்பவர். பிந்தி வந்தால் பெயர் எழுதுவார். பெயர் எழுதுகிறவரிடம் சின்னப் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்லுமா? சொல்லாது. அதனால் துணை நிற்கிற வேலையையும் பெயர் எழுதுகிற வேலையையும் ஒரே பிள்ளையிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எப்படித் தொடங்குவது?

எங்கள் பக்கத்துப் பழக்கத்தில் கண்டதை வைத்துச் சில ஒழுங்குகளைச் சொல்கிறோம். உங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒருவருக்கு ஒருவர் அல்லது இருவர். அதற்கு மேல் வேண்டாம். ஒன்பதாம் தரத்துக்கு மேலே படிக்கிற பிள்ளை, ஆறாம் ஏழாம் தரத்துப் பிள்ளையைப் பார்க்கட்டும். முதல் மார்க் வாங்குகிற பிள்ளைதான் வேண்டும் என்று தேடாதீர்கள். தட்டுத்தடுமாறிப் படித்து மேலே வந்த பிள்ளைக்குத்தான் எங்கே தடுமாறும் என்று நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, பெண் பிள்ளைக்குப் பெண் பிள்ளை, ஆண் பிள்ளைக்கு ஆண் பிள்ளை. எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூட விறாந்தை, கோவில் மண்டபம், வாசிகசாலை, பின்னேரம் வேலை முடிந்த பிறகு பிள்ளைக் காம்பரா, இப்படி ஏதாவது ஒன்று. கதவு மூடிய அறை வேண்டாம். அம்மாமார் முறை வைத்து ஒருவர் அங்கே உட்கார்ந்தால் போதும். பாடம் தெரியத் தேவையில்லை. நெல் பொறுக்கிக்கொண்டோ, தைத்துக்கொண்டோ இருக்கலாம்.

மூன்றாவது, கிழமையில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். பெரிய பிள்ளைக்கும் படிப்பு இருக்கிறது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சை கிட்டும் மாதங்களில் அவர்களை விட்டுவிட்டு, அடுத்த வகுப்புப் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

நான்காவது, காசு வாங்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மற்றப் பிள்ளை முன்னால் கேலி செய்யக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்தச் சோடியைப் பிரித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, முதல் மாதத்தில் பாடம் படிப்பிக்கவே தேவையில்லை. நேரசூசி பார்க்கப் பழக்குங்கள். கொப்பிக்கு உறை போட்டு, பாடத்தின் பெயர் எழுதப் பழக்குங்கள். ஒரு நாள் போகாவிட்டால் விட்டுப்போன பாடத்தை யாரிடம் வாங்கி எழுதுவது என்று சொல்லுங்கள். “டீச்சர், எனக்கு இது விளங்கவில்லை” என்று எழும்பி நின்று கேட்க ஒத்திகை பாருங்கள். இந்த ஒரு வசனம் சொல்லத் தெரிந்தாலே பாதிக் கஷ்டம் போய்விடும். அதன் பிறகு கணக்கு, வாசிப்பு, ஆங்கிலம் என்று போகலாம்.

ஆறாவது, மிக முக்கியமானது. சின்னப் பிள்ளை சில நேரம் படிப்பைத் தாண்டிய விஷயத்தைச் சொல்லும். வீட்டிலே அடி, பஸ்ஸிலே ஒருவன் தொல்லை, வேலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சொல்லும். அதைக் கேட்ட பெரிய பிள்ளை, “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் பண்ணக் கூடாது. “உனக்கு உதவி செய்யக்கூடிய பெரியவர் ஒருத்தரிடம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்” என்று சொல்ல வேண்டும். நம்பிக்கையான டீச்சரிடம் போகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. இந்த நாலு இலக்கத்தையும் இன்றைக்கே ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

பெரிய பிள்ளைக்கு என்ன லாபம்?

ஒரு தகப்பனார் கேட்கலாம்: “என் மகள் பத்தாம் தரம். அவள் படிப்பை விட்டுட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கணுமா?” நியாயமான கேள்வி. பதில் இதுதான். பத்தாம் தரக் கணக்கில் விழுகிற பிள்ளைகளில் பலர், ஆறாம் ஏழாம் தரத்துக் கணக்கு சரியாக விளங்காததால்தான் விழுகிறார்கள். பின்னமும் வீதமும் சதவீதமும் அங்கேதான் வருகின்றன. உங்கள் மகள் அதைச் சின்னப் பிள்ளைக்கு விளக்கப் போகும்போது, தனக்கே எது விளங்கவில்லை என்று கண்டுபிடிப்பாள். அதைப் போய் டீச்சரிடம் கேட்பாள். ஒன்றை இன்னொருவருக்கு விளங்க வைக்க வேண்டுமானால் முதலில் அது நமக்கு விளங்கியிருக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பவரும் படிக்கிறார் என்பதை உலகத்தில் பல இடங்களில் ஆராய்ந்து பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. தன்னை ஒரு சின்னப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், பெரிய பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட யோசிக்கும். “நான் நின்னுட்டா அவளும் நின்னுடுவாள்” என்கிற எண்ணம் ஒரு பிடிமானம். பிடித்துக்கொண்டு போகிறவரையும் அந்தக் கை பிடித்து வைத்திருக்கிறது.

தம்பி தங்கச்சிமாரே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வகுப்பில் இருக்கிறவர்கள், நாளைக்குப் பஸ் ஏறும்போது உங்கள் தோட்டத்திலிருந்து ஆறாம் தரத்துக்கு வருகிற பிள்ளை யார் என்று பாருங்கள். பெயரைக் கேளுங்கள். “ஏதாவது விளங்காட்டி என்கிட்ட கேளு” என்று சொல்லுங்கள். சின்ன வகுப்பில் இருக்கிறவர்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த அண்ணனும் அக்காவும் உங்களைப் போலவே முதல் நாள் அந்த வாசலில் பயந்து நின்றவர்கள்தான்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவிலடியில் கூடும்போது ஒரு தாளை எடுத்து, டிவிசன் டிவிசனாக ஆறாம் தரத்துக்குப் போகிற பிள்ளைகளின் பெயரை ஒரு பக்கமும், பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெயரை மறுபக்கமும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கும்.